அணு அணுவாய்க் கட்டும் ஆலை ஏன் இன்னும் வரவில்லை?

கோவிட் தடுப்பூசியில் எம்ஆர்என்ஏவைச் சுமந்த கொழுப்புத் துகள், டிவி திரையில் நிறம் கூட்டும் குவாண்டம் புள்ளி, சன்ஸ்கிரீனில் டைட்டானியம் டைஆக்சைடு எனப் பல நானோ பொருட்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆனால், 1986இல் அமெரிக்கப் பொறியாளர் எரிக் டிரெக்ஸ்லர் 'என்ஜின்ஸ் ஆஃப் கிரியேஷன்' நூலில் சொன்ன ஆலை மட்டும் வரவில்லை. மூலக்கூறு அளவிலான இயந்திரங்கள், வேண்டிய இடத்தில் வேண்டிய அணுவைப் பொருத்திப் பொருட்களைக் கட்டும் என்பது அவர் திட்டம்.

இரண்டுக்கும் செய்முறையே வேறு. நானோ துகள் தயாரிப்பில் எந்த அணுவையும் யாரும் தொடுவதில்லை. சரியான வெப்பத்தில் சரியான வேதிப்பொருட்களைக் கலந்தால் துகள்கள் கோடி கோடியாகத் தாமே உருவாகும்.

அணுவைத் தனியே நகர்த்தவும் முடியும். 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் டான் ஐக்லரும் எர்ஹார்ட் ஷ்வைசரும் நுண்ணோக்கியின் ஊசிமுனையால் 35 செனான் அணுக்களை இழுத்து நிறுவனத்தின் பெயரை எழுதினார்கள். எளிதில் எதோடும் வினைபுரியாத செனான், மைனஸ் 269 டிகிரி குளிரில்தான் வைத்த இடத்தில் நின்றது.

எண்ணிக்கை அடுத்த தடை. 12 கிராம் கரியில் சுமார் 600 கோடி கோடி கோடி அணுக்கள் உண்டு. விநாடிக்குப் பத்து லட்சம் அணுக்களை வைக்கும் ஒரே கைக்கு, அதைக் கட்டி முடிக்க 1,900 கோடி ஆண்டு பிடிக்கும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். ஆகவே கோடானுகோடி இயந்திரங்கள் வேண்டும்.

நோபல் வேதியியலாளர் ரிச்சர்ட் ஸ்மாலி இன்னொரு கேள்வி எழுப்பினார்: இயந்திரத்தின் விரல்களும் அணுக்களால் ஆனவைதானே, பிடித்த அணு அவற்றிலேயே ஒட்டிக்கொண்டால்? உயிரணுவுக்குள் இருக்கும் ரைபோசோம் விரலின்றியே புரதம் கட்டுகிறதே என்றார் டிரெக்ஸ்லர். அது நீருக்குள் மட்டுமே வேலை செய்யும், அதைக்கொண்டு எஃகோ சிலிக்கானோ செய்ய முடியாது என்றார் ஸ்மாலி. 2003இல் அச்சான இந்த விவாதம் முடிவு காணவில்லை. அமெரிக்க அரசின் நானோ நிதியோ, பலன் கண்ணுக்குத் தெரிந்த பொருளறிவியல், மின்னணுவியல், மருத்துவம் பக்கமே பாய்ந்தது.

1981இல் டிரெக்ஸ்லர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, விரும்பிய வடிவில் புரதம் வடிவமைப்பதையே முதல் படியாகக் காட்டியது. கணினி வழியே அதைச் சாதித்த டேவிட் பேக்கருக்கு 2024இல் நோபல் கிடைத்தது. முதல் படிக்கு நோபல் கிடைக்கவே 40 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது; எஃகும் சிலிக்கானும் இன்னும் மேல்படிகளில் இருக்கின்றன.