மெத்தைத் துணியில் பிறந்த நாதம்

"இரண்டு ஸ்பீக்கர் பெட்டி காட்டினான். ஒன்றில் ஓட்டை இருக்கிறது. கேட்டால் டெசிபல், ஹெர்ட்ஸ் என்று கணக்குப் பாடம் நடத்துகிறான்!" என்று அலுத்துக்கொண்டாள் எதிர்வீட்டு மாமி. மாமிக்கு வேண்டியதெல்லாம் மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று கேட்க வேண்டும். கணக்கை நம்புவதா, காதை நம்புவதா?

அமெரிக்காவில் உட்ஸ்டாக் என்ற ஊரில் வாழ்ந்த எட்கர் வில்ச்சர் இரண்டையும் நம்பினார். 1950-களின் தொடக்கத்தில் கனத்த நாதம் வேண்டுமானால் பீரோ மாதிரிப் பெட்டி வேண்டும். சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசையவிடாமல் இழுத்துப் பிடிக்கும். 'காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறதே! கூம்பின் ஓரத்து விறைப்பு எதற்கு?' என்று யோசித்தார் வில்ச்சர். ஓரத்தைத் தளர்த்திவிட்டால் சின்னப் பெட்டியே போதும் என்றது கணக்கு.

தளர்ந்த ஓரத்துக்கு எங்கே போவது? மனைவி ரோஸ்மேரி யுத்த காலத்தில் ராணுவத்துக்கு வரைபடம் வரைந்தவர். ரவிக்கைக்கு அளவு வெட்டுகிற மாதிரி காகிதத்தில் வெட்டி, மெத்தை உறைத் துணியில் தைத்தே கொடுத்துவிட்டார்! 1954-ல் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர் அறிமுகமானது.

வில்ச்சர் அத்துடன் விடவில்லை. பிற்பாடு அவருடைய கம்பெனி, வாத்தியக்காரர்கள் நால்வரை மேடையில் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தது. நடுவில் அவர்கள் வாசிப்பது போல் பாவனை செய்வார்கள்; ஒலிப்பதிவு பாடும். எங்கே மாறிற்று என்று சபையில் பலருக்குத் தெரியவில்லை!

மாமியின் ஓட்டைக்கு வருவோம். அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்த துவாரம். உள்ளே எழும் நாதத்தையும் வெளியே அனுப்பிப் பலம் கூட்டும். ஆனால் அதன் எல்லைக்குக் கீழே ஒரு ஸ்தாயி இறங்கினால் சுமார் 24 டெசிபல் சரிந்துவிடும். மூடிய பெட்டியில் 12 தான். துவாரத்தின் அளவு தப்பினால் எந்த ஸ்வரம் வாசித்தாலும் ஒரே 'பூம்'!

காதும் ஏமாறும். 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் சோதித்தபோது, பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் போட்ட மார்க்கு வேறு. பார்க்காமல் கேட்டபோது போட்டது வேறு.

ஆகவே மாமிக்குச் சொன்னேன்: "நன்றாகப் பழகின கச்சேரி ஒன்றை எடுத்துப் போங்கள். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொப்பியின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக விழுகிறதா என்று கேளுங்கள். வீட்டில் மட்டும் மூலையில் வைத்துவிடாதீர்கள். சுவர் சேர்ந்துகொண்டு முழங்கும்."

"கண்ணை மூடினால் தூங்கிவிட்டேன் என்று நினைக்கமாட்டானா?" என்றாள் மாமி.