சாவி உங்கள் கையில். கிராண்ட் யார் பெயரில்?

தோட்டத்து வீட்டில் பிறந்து, அதே வீட்டில் பிள்ளைகளைப் பெற்று, அறுபது வயது வரை பால் வெட்டியவருக்கு, ஓய்வு பெறும் நாளில்தான் ஓர் உண்மை உறைக்கிறது. வாசலில் முருங்கை நட்டதும், கொட்டகை போட்டதும், சாமி மாடம் வைத்ததும் அவர்தாம். ஆனால் வீடு அவருடையது அன்று. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அந்தக் குடியிருப்பால் மட்டும் நிலத்தில் உரிமை உண்டாகாது. நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்பது 1966 ஜனவரி முதல் நாளிலிருந்து தீபகற்ப மலேசியாவில் நடப்பிலிருக்கும் தேசிய நிலச் சட்டத்தின் அடிப்படை.

இந்த உண்மையை நம் மக்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1950ஆம் ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோயின. அதைக் கண்டுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சந்தாப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் டுரியான் துங்காலிலும் நம்மவர் பலர் தாமான் வீடு வாங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் கொடுக்குமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வாங்குமுன் எதைப் பார்ப்பது?

வீட்டின் வண்ணத்தைப் பார்க்குமுன் கிராண்டைப் பாருங்கள். விற்பவர் காட்டும் நகலை நம்பிவிடாதீர்கள். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி 'சாரியான் ரஸ்மி' என்னும் அதிகாரபூர்வத் தேடலைச் செய்யச் சொல்லுங்கள். அதில் ஐந்து விவரங்களைக் கவனியுங்கள். ஒன்று, உரிமையாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும். இரண்டு, வங்கி அடமானம் இருக்கிறதா என்பது. மூன்று, 'கேவியட்' என்னும் தடைக் குறிப்பு உண்டா என்பது. நான்கு, நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்பது. ஐந்து, நிலத்தின் பயனும் கட்டுப்பாடுகளும்.

இந்த ஐந்தாவதில்தான் மலாக்காக்காரர்கள் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். நம் மாநிலத்தில் 'எம்.சி.எல்.' என்று அழைக்கப்படும் மலாக்கா வழக்காற்று நிலங்கள் உண்டு. மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு இவற்றை மாற்றுவதற்குச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. 'பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், பணத்தை இப்போது கொடுங்கள்' என்று யார் சொன்னாலும் பையை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. 'ஒரு ஏக்கர் விவசாய நிலம், ஆறு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வோம்' என்று சிலர் கிளம்புவார்கள். விவசாய நிலத்தைப் பலர் பெயருக்கு மாற்றும்போது, ஒருவருடைய பங்கு 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு, குறைவாக இருந்தால் அந்தப் பெயர் மாற்றத்தைச் சட்டம் ஏற்பதில்லை. பிறகு ஒருவர் பெயரில் நிலமும், ஐவர் கையில் வெறும் ரசீதும்தான் மிஞ்சும். அந்த ஒருவர் கண்ணை மூடிவிட்டால் அவர் பிள்ளைகளிடம் என்ன சொல்லி வாதாடுவீர்கள்?

பணம் எப்படிக் கைமாறுகிறது?

பழைய வீடு வாங்கும்போது முதலில் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கொடுத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மொத்தம் 10 விழுக்காடாக நிறைவு செய்வதே வழக்கம். மீதியைச் செலுத்தப் பெரும்பாலும் மூன்று மாதம் தவணை தருவார்கள். அதற்குமேல் ஒரு மாதம் வட்டியோடு நீட்டிப்பார்கள். குத்தகை நிலமாகவோ கட்டுப்பாடுள்ள நிலமாகவோ இருந்து மாநில அரசின் அனுமதி தேவைப்பட்டால், அனுமதி கிடைத்த நாளிலிருந்தே அந்த மூன்று மாதத்தைக் கணக்கிடும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முன்பணத்தை விற்பவர் கையில் நேராகக் கொடுக்காமல் வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கில் செலுத்துவது நல்லது.

வழக்கறிஞர் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வங்கியின் கடன் பத்திரத்தை எழுதும் வழக்கறிஞர் வங்கிக்காக வேலை செய்பவர். விற்பவருடைய வழக்கறிஞர் விற்பவருக்காக வேலை செய்பவர். உங்களுக்காகப் பேச உங்கள் வழக்கறிஞர் வேண்டும். 2023 ஜூலை முதல், முதல் 5 லட்சம் வெள்ளி வரையிலான தொகைக்கு 1.25 விழுக்காடு கட்டணம் என்று சட்டமே வகுத்திருக்கிறது.

முத்திரை வரிக் கணக்கையும் பாருங்கள். முதல் ஒரு லட்சத்திற்கு 1 விழுக்காடு. அதற்குமேல் 5 லட்சம் வரை 2 விழுக்காடு. இரண்டரை லட்சம் வெள்ளி வீடானால் 1,000 வெள்ளியும் 3,000 வெள்ளியும் சேர்ந்து 4,000 வெள்ளி. கடன் பத்திரத்திற்குத் தனியாக அரை விழுக்காடு. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு, 5 லட்சம் வெள்ளி வரையிலான வீட்டிற்கு 2021 முதல் அரசு விலக்கு அளித்து வந்திருக்கிறது. அது தவணைக்குட்பட்ட சலுகையாதலால், கையெழுத்திடும் நாளில் உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

புதிய தாமான் வீடானால் சட்டம் வகுத்த ஒப்பந்தப் படிவம் உண்டு. தரைவீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தாமதித்தால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் நாள்தோறும் இழப்பீடு. இரண்டு லட்சம் வெள்ளி வீட்டிற்கு அது நாளொன்றுக்கு 54 வெள்ளிக்கு மேல் வரும். சாவி வாங்கிய பின் 24 மாதம் வரை சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு போன்ற குறைகளை மேம்பாட்டாளரே செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம்.

விற்பவருக்கு என்ன கவலை?

வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு இந்த வரி இல்லை. 2022 ஜனவரியிலிருந்து இதுவே நிலை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை முழு விலக்கும் பெறலாம். அவசரப்பட்டு விற்குமுன் நாட்காட்டியைப் பாருங்கள்.

வீடு இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தால், பிள்ளைகள் எல்லாரும் ஒத்துக்கொண்டாலும் உடனே விற்க முடியாது. முதலில் சொத்துப் பங்கீட்டை முடிக்கவேண்டும். சிறிய சொத்துகளுக்கு நில அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். உயில் இல்லாத, முஸ்லிம் அல்லாத குடும்பத்தில், பெற்றோர் உயிரோடு இல்லாவிட்டால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் என்பது சட்டம். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும் அண்ணன்மார் இதைக் கவனிக்க.

மறு அடமானம் வரமா, வலையா?

மகள் கல்யாணம் வருகிறது. வீட்டு விலை ஏறியிருக்கிறது. வங்கி மறு அடமானம் தருகிறேன் என்கிறது. 50,000 வெள்ளி கூடுதலாக எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 விழுக்காட்டு வட்டியில் 25 ஆண்டு கட்டினால் மாதம் ஏறக்குறைய 264 வெள்ளி. மொத்தம் 79,000 வெள்ளிக்கு மேல். மூன்று நாள் விருந்துக்கு இருபத்தைந்து ஆண்டுத் தவணை. பழைய வங்கியின் முன்கூட்டிய முடிப்பு அபராதம், வழக்கறிஞர் கட்டணம், புதிய முத்திரை வரி ஆகியவற்றைக் கழித்தபின் வட்டிக் குறைப்பால் மிச்சம் இருந்தால்தான் மறு அடமானம் இலாபம். உங்களுக்கு எத்தனை வயதில் கடன் முடியும் என்பதையும் விரல்விட்டு எண்ணுங்கள்.

கடனைக் கட்டி முடித்தவர்களுக்கும் ஒரு சொல். கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. வங்கியிடமிருந்து அடமான விடுவிப்புப் படிவத்தைப் பெற்று நில அலுவலகத்தில் பதிவு செய்து, கிராண்டைக் கையில் வாங்குங்கள். இல்லையேல் உங்களுக்குப் பின் பிள்ளைகள் அலையவேண்டியிருக்கும்.

கையெழுத்து விளையாட்டல்ல

பினாங்கு, தஞ்சோங் பூங்கா நிலமொன்று போலிக் கையெழுத்தால் விற்கப்பட்ட வழக்கில், 2000ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. உண்மையான சொந்தக்காரர் நிலத்தை இழந்தார். குவாந்தானில் ஒருவருடைய நிலம், அவர் கையெழுத்திடாத அதிகாரப் பத்திரத்தைக் காட்டி வங்கியில் அடமானம் வைக்கப்பட்டது. 2010 ஜனவரியில் அதே கூட்டரசு நீதிமன்றம் பழைய தீர்ப்பு தவறு என்று கூறி, அந்த நிலத்துக்காரருக்கு நீதி வழங்கியது. சட்டம் திருந்த பத்தாண்டு ஆயிற்று. கையெழுத்தே போடாதவர்களுக்கு இந்தப் பாடு என்றால், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் கதி என்ன?

ஆகவே, வாசக அன்பர்களே, படிக்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். மலாயோ ஆங்கிலமோ புரியாவிட்டால் படித்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. ஒப்பந்தம் ஆனதும் வழக்கறிஞர் மூலம் உங்கள் பெயரில் கேவியட் பதியச் சொல்லுங்கள். சேமநிதியில் வீட்டிற்காக எடுக்கும் பணம் உங்கள் முதுமையின் சோறு என்பதையும் மறவாதீர்கள்.

பாட்டன் கட்டிய கொட்டகை தோட்டத்தோடு போயிற்று. பேரன் வாங்கும் வீடாவது அவன் பெயரில் நிலைக்கட்டும்.