வாசலில் ஒரு குழாய்: புதுவீடு கட்டுவோர் கவனத்திற்கு

புதுவீடு கட்டத் தொடங்குவோர் பூசையறை எங்கே, அடுப்படி எந்த மூலையில், மாடிப்படி எப்பக்கம் என்று பலமுறை கலந்து பேசுகின்றனர். வெளிக்குழாயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேலை முடியும் தறுவாயில்தான் எழுகிறது. எஞ்சிய பைப்பைக் கொண்டு பின்புறம் எங்கேனும் ஒன்று வைக்கப்படுகிறது. பட்டாசும் தீப்பெட்டியும் வாழ்வாதாரமாக உள்ள விருதுநகர் மாவட்டத்தில் அந்தக் குழாயை முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது. அதற்கான காரணங்களையும் முறைகளையும் இங்கே விளக்குகிறோம்.

தீக்காயத்திற்கு முதல் சிகிச்சை

தீக்காயம் பட்டவுடன் செய்ய வேண்டிய முதற்செயல், காயத்தின் மீது குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிடுவதாகும். தீ அணைந்த பின்னும் தோலுக்குள் தங்கிய வெப்பம் அடுத்தடுத்த திசுக்களைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். ஓடும் நீர் அவ்வெப்பத்தை வெளியேற்றி, காயம் ஆழமாவதைக் குறைக்கிறது, வலியும் தணிகிறது. உடனே செய்வதே சிறப்பு. எனினும் காயம்பட்டு 3 மணி நேரம் வரை இதனால் பயன் உண்டு.

எங்களிடம் வரும் நோயாளிகள் சிலர் காயத்தின் மீது மை, பற்பசை, மஞ்சள், மாவு முதலியவற்றைப் பூசிக்கொண்டு வருகின்றனர். இவை வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். கிருமித் தொற்றுக்கும் வழிவகுக்கும். காயத்தின் ஆழத்தை நாங்கள் கணிப்பதையும் கடினமாக்கும். பனிக்கட்டியும் வைக்கக் கூடாது. குழாய் கண்ணெதிரே இருந்தால், பதற்றத்திலும் கை அதை நோக்கியே செல்லும். தீபாவளி நாளில் குழந்தைகள் வெடி வெடிப்பது வாசலில்தான். ஆகவே குழாயும் வாசற்பக்கம் இருத்தல் வேண்டும்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குளிர்ச்சி?

குழாயைச் சிறிதளவே திறந்து நிமிடத்திற்கு 3 லிட்டர் வீதம் விட்டால், 20 நிமிடத்திற்கு 60 லிட்டர் தேவைப்படும். 15 லிட்டர் குடத்தில் நான்கு குடம். சில நாள்களுக்கு ஒருமுறையே தண்ணீர் வரும் பகுதிகளில் நேரடி இணைப்பை மட்டும் நம்பியிருக்க இயலாது. வெளிக்குழாய்க்குத் தொட்டி இணைப்பும் வேண்டும்.

மாடித் தொட்டியில் ஒரு சிக்கல் உள்ளது. சித்திரை, வைகாசி வெயிலில் கருநிறத் தொட்டியிலும், சுவரோரம் வெயிலில் ஓடும் பைப்பிலும் உள்ள நீர் கை பொறுக்காத அளவு சூடேறிவிடும். அந்நீர் தீக்காயத்திற்கு உதவாது. தொட்டிக்கு மேற்கூரை அமையுங்கள். பைப்பைச் சுவருக்குள்ளோ மண்ணுக்கடியிலோ கொண்டுவாருங்கள். இயன்றால் தரைத்தொட்டியிலிருந்து ஓர் அடிபம்பு வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்ததும் முதலில் வரும் சூடான நீரை வெளியேற்றிவிட்டு, நல்ல கையால் தொட்டுப் பார்த்த பின்பே காயத்தில் விடுங்கள்.

வேலை முடிந்து வருவோர்க்கு

நம் ஊர்களில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பட்டாசு ஆலையில் மருந்து கலப்போரும் செலுத்துவோரும் வீடு திரும்பும்போது அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றின் தூசி உடையிலும் முடியிலும் நகக்கண்ணிலும் ஒட்டியிருக்கும். அந்த உடையுடன் அடுப்பருகே செல்வது ஆபத்து. குழந்தையைத் தூக்கினால் தூசி அதன் கைவழியே வாய்க்குள் செல்லும்.

முன்னோர் வாசலில் தண்ணீர் வைத்துக் கால் கழுவிய பின்பே வீட்டினுள் நுழைந்தனர். அவ்வழக்கத்தை இங்கே சற்று விரிவாக்கினால் போதும். குழாயருகே சோப்பும், வேலை உடையைத் தனியாக நனைக்க ஒரு வாளியும், மாற்றுடைக்கு ஒரு மறைப்பும் இருக்கட்டும். வேலை உடையை வீட்டாரின் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். உடை முழுவதும் மூழ்கும் அளவு தண்ணீர் விடுங்கள். அலுமினியம் கலந்த மருந்து சிறிதளவு ஈரத்தில் தானாகவே சூடேறக்கூடும்.

உலோகப் பொடி எரியும்போது அதன்மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலே ஏற்றது. உடலில் உலர்ந்த பொடி படிந்திருந்தால் முதலில் துடைத்து உதறிவிட்டு, பின்னர் ஏராளமான நீரால் கழுவ வேண்டும்.

கட்டட வேலை நடக்கும்போதே

இக்குழாயை அடித்தளம் போட்டவுடனேயே அமைத்துவிடுங்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் காரத்தன்மை உடையவை. ஈரச் சிமெண்டில் நீண்ட நேரம் நிற்போர்க்குக் காலில் ஆழமான புண் உண்டாகலாம். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் கருவிழி வெந்து பார்வையே பறிபோகலாம். உடனே இமைகளை விரித்துப் பிடித்து, 20 முதல் 30 நிமிடம் ஓடும் நீரால் கழுவி, அதன்பின் தாமதமின்றி மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அமைப்பு முறை

• இடம்: வாயிற்கதவுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில். மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டா.
• உயரம்: ஒரே பைப்பில் இரண்டு குழாய்கள். குடம் வைக்கவும் கால் கழுவவும் தரையிலிருந்து 2 அடியில் ஒன்று. கை, முகம் கழுவ 3 அடியில் மற்றொன்று.
• திறப்பான்: திருகுவதைவிடக் கைப்பிடியைத் தள்ளித் திறப்பது நன்று. மூட்டுவலி உள்ளோரும், கையில் காயம்பட்டோரும் முழங்கையால் திறக்கலாம்.
• தளம்: சொரசொரப்பான கல்; சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. வழுவழுப்பான டைல்ஸில் வழுக்கி விழும் முதியோர் பலர் இடுப்பெலும்பு முறிவுடன் வருகின்றனர்.
• வடிகால்: தளம் சரிவாக அமைந்து, நீர் உறிஞ்சுகுழிக்கோ தென்னையடிக்கோ செல்ல வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும்; ஏறக்குறைய 7 முதல் 10 நாள்களில் கொசு பறந்துவிடும். வாளி, தொட்டிகளை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள்.
• தடுப்பு வால்வு: ஹோஸ் பைப்பின் நுனி அழுக்கு வாளியில் கிடக்கையில் குழாயில் அழுத்தம் குறைந்தால், அந்நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டுக் குடிநீரில் கலக்கும். வெளிக்குழாய் இணைப்பில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

நினைவிற் கொள்ள

உடையில் தீப்பற்றினால் ஓடாதீர்கள்; தரையில் படுத்து உருளுங்கள். தீ அணைந்ததும் மோதிரம், வளையல், அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். காயத்தில் மட்டும் நீர் விட்டு, உடலின் பிற பகுதியைப் போர்த்துங்கள். குழந்தைகளின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். நடுக்கம் கண்டால் நீர் விடுவதை நிறுத்துங்கள். பின்னர் தூய பருத்தித் துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். முகம், கை, பிறப்புறுப்பு ஆகியவற்றில் காயம், உள்ளங்கையைவிடப் பெரிய காயம், புகையைச் சுவாசித்தல் ஆகியவற்றுக்கு உடனே 108-ஐ அழையுங்கள். ஒருவர் அழைக்கும்போதே மற்றவர் குழாயைத் திறந்துவிட வேண்டும்.