கேக் மாவும் குட்டிக் கைகளும்: இதெல்லாம் தெரியுமா?

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் சுழலும் மாவு ஆலை ஒன்று இருக்கிறது. அந்த ஆலையின் வரலாற்றை 1016-ஆம் ஆண்டிலிருந்து சொல்கிறார்கள். நம் பக்கம் ராஜேந்திர சோழன் அரியணையில் இருந்த காலம்! வியாபாரத்துக்கு அரைப்பது எப்போதோ நின்றுபோய், சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டிக் காட்டும் அருங்காட்சியகமாக மாறிவிட்ட அந்த ஆலை, 2020 ஏப்ரலில் திடீரென்று உயிர்பெற்று மறுபடியும் கடைகளுக்கு மாவு அரைத்தது தெரியுமா? வழக்கமாக ஓர் ஆண்டு முழுக்க வரும் ஒரு டன் தானியம், இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துபோனது!

காரணம் நமக்கெல்லாம் தெரிந்த கொரோனா ஊரடங்குதான். பள்ளி இல்லை, பூங்கா இல்லை, பாட்டி வீடும் இல்லை. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அம்மாக்களும் அப்பாக்களும், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கேக்கும் பிரெட்டும் சுடக் கிளம்பிவிட்டார்கள். கடைகளில் மாவு அலமாரி காலி. ஆனால் அந்த நாட்டில் மாவுக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் வியப்பு! அங்கே அரைபடும் மாவில் சுமார் 4 சதவீதம் மட்டுமே சிறு பொட்டலமாகக் கடைக்கு வரும். மீதியெல்லாம் பெரிய மூட்டைகளிலும் டேங்கர் லாரிகளிலும் நேரே பேக்கரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விடும். மாவு மலைபோல் இருந்தது, அதைச் சின்னப் பையில் கட்டித்தரும் இயந்திரங்கள்தான் போதவில்லை. அவை இரவு பகலாக ஓடின.

சரி, மாவு கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஒன்றரை, இரண்டு வயதுக் குட்டி ஒன்று முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறது. “நானு, நானு” என்று கரண்டியைப் பிடுங்குகிறது. வேலையைக் கெடுக்கிறது என்று நினைப்போம். அது உண்மையிலேயே உதவி செய்யத்தான் வருகிறது, தெரியுமா?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 18 மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2006-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. முன்பின் அறியாத ஒருவர் துணி காயப்போடுகிறார். கிளிப் கைதவறி விழுகிறது. எட்டி எடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது! இப்படிப் பல சூழல்களில் பார்த்ததில், 24-ல் 22 குழந்தைகள் ஒருமுறையாவது உதவினார்கள். இதைவிட வியப்பு என்ன தெரியுமா? அந்த மனிதர் கிளிப்பை வேண்டுமென்றே வீசியெறிந்தபோது, குழந்தைகள் அதை எடுத்துத் தர அவ்வளவாக மெனக்கெடவில்லை. கைதவறியதா, வீசியெறிந்ததா என்று ஒன்றரை வயதில் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது!

அதே இருவர் 2008-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். உதவிய குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பொம்மைப் பரிசு கொடுத்துப் பழக்கினால், பரிசு நின்றபின் அது உதவுவது குறைகிறது. பரிசே பெறாத குழந்தைகள் தொடர்ந்து உதவிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே, “மாவைக் கலக்கினால் சாக்லேட் தருவேன்” என்ற பேரமே வேண்டாம். கலக்க விடுவதே அதற்குப் பரிசு. குவாதமாலாவின் மாயா மக்கள் வாழும் ஊரில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த பார்பரா ரோகாஃப், அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பெரியவர்களின் வேலையிலிருந்து தள்ளி வைப்பதே இல்லை என்று எழுதியிருக்கிறார். பார்த்துப் பார்த்து, கூடவே கைவைத்துக் கற்கிறார்கள். நம் பாட்டிமார் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளிப் பேரன் கையில் கொடுப்பதும் இதுதான். அது பிள்ளையை ஓரங்கட்டும் தந்திரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது சேர்த்துக்கொள்ளும் அன்பு.

கேக் சுட வீட்டில் ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம். குக்கர் போதும். அடியில் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிடம் சூடாக்கினால் அதுவே ஓவன். நம் ஊர் வீடுகளில் எத்தனையோ பிறந்தநாள் கேக் இப்படித்தான் வெந்திருக்கிறது. கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் வெளியே இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது தெரியுமா? இட்லி ஏன் எத்தனை நேரம் வெந்தாலும் வெள்ளையாகவே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது! இட்லிக் கொப்பரையில் ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகி மணம் வீச வேண்டுமானால் ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். இதை 1912-ல் முதலில் விவரித்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். காய்ந்த குக்கரில் சூடு அந்த எல்லையைக் கடக்கிறது, கேக்கின் மேல்தோல் சிவக்கிறது. உள்ளே ஈரம் இருப்பதால் நடுப்பகுதி மட்டும் 100 டிகிரிக்குள்ளேயே நின்று பஞ்சுபோல் மென்மையாக இருக்கிறது. ஒரே கேக்குக்குள் இரண்டு தட்பவெப்பம்!

குட்டி கரண்டியை விடவே மாட்டேன் என்கிறதா? மைதாவையும் கோதுமையையும் ஈரத்தோடு கலக்கக் கலக்க குளூட்டன் என்னும் புரதம் வலைபோல் பின்னிக்கொள்ளும். சப்பாத்திக்கு அது வரம், கேக்குக்கு அது ரப்பர். ஆனால் நம் கேழ்வரகில் குளூட்டனே இல்லை, தெரியுமா? ராகி மாவை அரை மணி நேரம் கலக்கினாலும் அந்த வலை பின்னாது! எனவே ஈரமில்லாத ராகி மாவையும் நாட்டுச் சர்க்கரையையும் பெரிய பாத்திரத்தில் போட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். ஆசை தீரக் கிளறட்டும். சோடாவையும் ஈரத்தையும் கடைசியில் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

சோடா என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. மனைவி சாப்பிடட்டும் என்று முதலில் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். பிறகு 1843-ல் ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்பவைக்கும் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். இன்று உலகம் முழுக்க அடுப்பங்கரையில் இருக்கும் டப்பா ஒரு கணவனின் கரிசனத்தில் பிறந்தது! தயிரில் ஆப்ப சோடாவைப் போட்டால் நுரைத்துப் பொங்குகிறதே, அது தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயுவை வெளியேற்றுவதால். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய மாயாஜாலம் இருக்க முடியாது. ஒரு கிண்ணத்தில் தனியாகச் செய்து காட்டுங்கள், அந்த முகத்தைப் பாருங்கள்.

வெனிலா எசென்ஸ் பாட்டிலைத் திறக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சிறுவன் நினைவு வரும். வெனிலா ஒரு கொடியில் பூக்கும் ஆர்க்கிட், பிறப்பிடம் மெக்சிகோ. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கொண்டுபோய் நட்டார்கள். பூத்தது, காய்க்கவில்லை. அதன் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. பூவோ ஒரே நாளில் வாடிவிடும். தாவரவியல் அறிஞர்கள் திணறிக்கொண்டிருந்தபோது, 1841-ல் எட்மண்ட் என்ற 12 வயதுச் சிறுவன், அடிமையாகப் பிறந்து தாயை இழந்தவன், பள்ளிக்கூடமே காணாதவன், ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள் இருந்த சவ்வைத் தூக்கி மகரந்தத்தை ஒட்டவைத்தான். காய் காய்த்தது! உலகெங்கும் இன்றைக்கும் வெனிலாத் தோட்டங்களில் அவன் காட்டிய முறையிலேயே பூவுக்குப் பூ கையால் செய்கிறார்கள். 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபிறகுதான் அவனுக்கு ஆல்பியுஸ் என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. தீவுக்குப் பெரும் செல்வம் கொட்டியது, அவர் 1880-ல் வறுமையில் இறந்தார். அந்தப் பெயரை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். கேக் வேகும் நேரத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

நம் கடைகளில் வாங்கும் எசென்ஸில் பெரும்பாலும் அந்தக் கொடியின் காய் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் மணப்பொருளான வெனிலினை 1874-ல் ஜெர்மன் வேதியியலாளர்கள் பைன் மரச் சாற்றிலிருந்தே தயாரித்துவிட்டார்கள்!

மாவு என்றதும் இன்னொன்று. குழந்தைகள் உருட்டி விளையாடும் பிளே-டோ ஆதியில் சுவர் துடைக்க வந்தது தெரியுமா? அமெரிக்க வீடுகளில் நிலக்கரி அடுப்புப் புகை படிந்த சுவர்க்காகிதத்தைச் சுத்தம் செய்ய மாவால் செய்த களி அது. நிலக்கரி போய் வேறு எரிபொருள் வந்ததும் விற்பனை படுத்தது. கே ஸுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அதைக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். 1956-ல் அது பொம்மைக் கடைக்கு வந்துவிட்டது.

பிஸ்கட் சுட்டு முடித்ததும் ஒரு சின்னச் சோதனை. “எனக்கு ஒண்ணுதானா?” என்று சிணுங்கும் பிள்ளையின் பிஸ்கட்டை இரண்டாக உடைத்துக் கொடுங்கள். பெரும்பாலும் அழுகை நின்றுவிடும்! துண்டு கூடினால் அளவும் கூடிவிட்டது என்று நம்பும் வயது அது. அளவு மாறவில்லை என்ற தெளிவு ஏறக்குறைய ஏழு வயதில் வருகிறது என்று சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே விளக்கினார். ஆனால் அதே மூளை வேறொரு விஷயத்தில் எவ்வளவு கூர்மை பாருங்கள். பெர்க்லியில் பெட்டி ரெபாகோலியும் அலிசன் காப்னிக்கும் 1997-ல் செய்த சோதனையில், ஒரு பெண் குழந்தைகள் முன்னால் பிராக்கோலியை ரசித்துச் சாப்பிட்டு, மீன் வடிவ பிஸ்கட்டைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு கையை நீட்டிக் கேட்டார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகளோ பிராக்கோலியைக் கொடுத்தார்கள்! தனக்குப் பிடிப்பது வேறு, எதிரில் இருப்பவருக்குப் பிடிப்பது வேறு என்ற அறிவு நான்கே மாதத்தில் மலர்ந்துவிடுகிறது. உங்கள் வாயில் கேக் துண்டை ஊட்ட வரும் அந்தக் கை சும்மா வரவில்லை.

இந்தியாவின் முதல் கேக் என்று சொல்லப்படுவதைப் பேசினால் தலச்சேரியை விட முடியாது. அப்போது அது மதராஸ் மாகாணத்து மலபார். அஞ்சரக்கண்டியில் பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரவுன் 1883-ல் இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொண்டுவந்து, பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுவந்த மாம்பள்ளி பாபுவிடம் காட்டி, இதுபோல் செய்வீர்களா என்று கேட்டார். பாபு உள்ளூர்க் கொல்லரிடம் அச்சு செய்துகொண்டார். அயல்நாட்டு மதுவுக்குப் பதில் முந்திரிப் பழத்திலும் கதளி வாழையிலும் புளிக்கவைத்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். பிரவுன் சாப்பிட்டுப் பார்த்து, மேலும் ஒரு டஜன் கேட்டார்!

வாழைப்பழத்துக்கு வருகிறேன். கறுத்துத் தொய்ந்த பழத்தைத் தூக்கி எறியாதீர்கள். பழுக்கப் பழுக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டே போகிறது, கறுத்த பழம்தான் கேக்குக்கு இனிப்பு. அதைப் பிசைவதற்கு உலகிலேயே சிறந்த கருவி இரண்டு வயதுக் கை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வேகாத மாவைக் குழந்தை நக்க விடாதீர்கள். முட்டை சேர்க்காவிட்டாலும்தான்! கடை மாவு பொடியாக இருப்பதால் பதப்படுத்தியது என்று நினைக்கிறோம், அது வயலிலிருந்து வந்த பச்சைத் தானியம். அமெரிக்காவில் 2015 இறுதியில் தொடங்கி 2016 வரை, மாவில் இருந்த ஈ.கோலை கிருமியால் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். முழு முந்திரி, பாதாம் மூச்சுக்குழாயில் சிக்கும், பொடித்துப் போடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

அடுத்த மழை விடுமுறைக்கு, ஜன்னல் ஓரம் ஒரு செய்தித்தாளை விரித்து, பாத்திரத்தைத் தரையிலேயே வைத்துவிடுங்கள். முக்காலி வேண்டாம், விழும் பயமும் இல்லை. அடுப்பும் சூடான குக்கரும் உங்கள் பொறுப்பு. கரண்டியைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.