முட்டைக்குள்ளேயே போன மருந்து

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2005-க்கு முன்பு, முட்டைக்குள் இருக்கும்போதே பல கோழிக்குஞ்சுகளுக்கு ஆன்டிபயாடிக் ஏறிவிடும். பொரிப்பகத்தில் தடுப்பு மருந்து செலுத்தும் அதே ஊசியில், செஃப்டியோஃபரையும் சேர்த்து ஓட்டைத் துளைத்து ஏற்றுவார்கள். நோய் வந்த பின் செய்யும் வைத்தியமல்ல இது. ஈ.கோலை கிருமியால் குஞ்சுகளின் தொப்புள் புண்ணாகிச் செத்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே கொடுப்பது.

செஃப்டியோஃபர் கால்நடைகளுக்கான மருந்துதான். ஆனால் கடுமையான சால்மோனெல்லா தொற்றில் படுத்திருக்கும் குழந்தைக்கு டாக்டர்கள் நம்பிப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் அதே குடும்பம். கோழியின் குடலில் ஒன்றைத் தாங்கப் பழகிய கிருமி, ஆஸ்பத்திரியில் மற்றதற்கும் மசியாது.

அரசுக் கண்காணிப்புக் குழு கடைகளில் கோழி இறைச்சி வாங்கிச் சோதித்தது. கியூபெக்கில் கிடைத்த ‘ஹைடல்பர்க்’ வகை சால்மோனெல்லாவில் 62 சதவீதம் செஃப்டியோஃபருக்கு அடங்கவில்லை. மனிதர்களிடமும் அதே வகைத் தொற்று ஏறிக்கொண்டிருந்தது. 2005 பிப்ரவரியில் பொரிப்பகங்கள் தாமாகவே அந்த ஊசியை நிறுத்தின. அடுத்த சில மாதங்களிலேயே சரிவு தெரிந்தது. 62 என்பது 7 சதவீதமாக இறங்கியது. நோயாளிகளிடமும் குறைந்தது. 2007-இல் சில பொரிப்பகங்கள் மருந்துக்குத் திரும்பின. விகிதம் மீண்டும் 20 சதவீதத்துக்கு ஏறியது. கோழிக்குக் கொடுக்கும் மருந்துக்கும் மனிதரைத் தாக்கும் கிருமிக்கும் தொடர்பில்லை என்று வாதிடுவோருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

எல்லாக் கிருமியும் இப்படிப் பின்வாங்கிவிடாது என்பதுதான் கவலை. கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை அமெரிக்கா 2005 செப்டம்பரில் தடை செய்தது. கோழி வழியே மனிதரைத் தொற்றும் கேம்பிலோபேக்டர் கிருமியோ, மருந்து போன பிறகும் எதிர்ப்பை விடவில்லை. அந்த எதிர்ப்பைச் சுமப்பதால் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. தாமதமாக வரும் தடையால் எல்லாவற்றையும் மீட்க முடியாது.

‘ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது’ என்ற லேபிளையும் கேள்வி கேட்டே வாங்க வேண்டும். கணக்கு எந்த நாளிலிருந்து? அமெரிக்காவின் ஆர்கானிக் விதி, குஞ்சு பிறந்த இரண்டாம் நாளிலிருந்துதான் கணக்கெடுக்கிறது. முட்டைக்குள் போன ஊசி அதில் வராது. உண்மையாகவே மருந்து கொடுக்காத கோழியிலும் சால்மோனெல்லா இருக்கலாம். நன்றாக வேகவைத்தால் மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் சாகும். ஆனால் வேகாத துண்டிலிருந்தோ, இறைச்சி வெட்டிய பலகையிலிருந்தோ நோய் தொற்றினால், அந்தக் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதைப் பண்ணையும் பொரிப்பகமும் முன்பே தீர்மானித்திருக்கும்.

கனடாவின் கோழி வளர்ப்போர் அமைப்பு, மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான மருந்துகளை நோய்த்தடுப்புக்காகக் கொடுப்பதை 2014 மே மாதம் முற்றிலும் நிறுத்தியது. கியூபெக்கின் பொரிப்பகங்கள் முதன்முறை ஊசியைக் கீழே வைத்து அதற்குள் ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.