கல்லாப் பெட்டிக் கணக்கு – 7: கோழி யாருடையது?

உங்களிடம் கடனுக்குச் சரக்கு வாங்கியவர், “எனக்கு இந்தத் தொழிலே வேண்டாமுங்க” என்று கைவிரிக்கிறார். என்ன செய்வீர்கள்? பாக்கியை வசூலிக்க ஆள் அனுப்புவதுதான் வழக்கம். 1990 வாக்கில் உடுமலைப்பேட்டையில் இந்த இக்கட்டில் மாட்டிய சௌந்தரராஜன், சுந்தரராஜன் சகோதரர்கள் அந்த வழியில் போகவில்லை.

1984-ல் ஐயாயிரம் ரூபாயில் தொடங்கியது அவர்கள் தொழில். கோழிப்பண்ணைகளுக்கு வேண்டிய சரக்கை வாங்கி விற்றார்கள். கறிக்கோழி விலை சரிந்தபோது பண்ணைக்காரர்கள் தீவனக் கடனில் மூழ்கினார்கள். அவர்களிடம் கொட்டகை இருந்தது, வேலை தெரிந்தது; பணம்தான் இல்லை. சகோதரர்கள் சொன்ன யோசனை இதுதான்: குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் எங்களுடையது. நீங்கள் வளர்த்துக் கொடுங்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறோம். மூன்று பண்ணையாளர்களோடு தொடங்கிய இந்த ஏற்பாடுதான் இன்றைய சுகுணா நிறுவனம்.

ஒரு கொட்டகையில் ஐயாயிரம் கோழி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வாரத்தில் கோழி ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். மொத்தம் 10,000 கிலோ. ஒரு கிலோ எடை ஏற ஒன்றரை கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும். தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பேட்சுக்கு ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது. சந்தையில் கிலோவுக்கு 20 ரூபாய் இறங்கினால் இரண்டு லட்சம் போச்சு. சோளக்காட்டை நம்பி, ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் காணாத குடும்பம் இதை எத்தனை தடவை தாங்கும்?

ஒருவரால் தாங்க முடியாத விலை அபாயத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, பல ஊர்ப் பண்ணைகளில் பரப்பினால் தாங்கலாம். வளர்ப்பவருக்குச் சந்தை விலை கவலையில்லை. நிறுவனத்துக்குக் கொட்டகை கட்டும் செலவில்லை. புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் ‘எதை விற்கலாம்’ என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். விலை விழும் நாளில் அடி யார் முதுகில் விழும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

இதை முழு வெற்றிக் கதையாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. பல்லடம், உடுமலை வட்டாரத்தில் எத்தனையோ நிறுவனங்கள் பின்னாளில் இதே முறைக்கு வந்தன. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கேட்டு விவசாயிகள் போராடியதும் இதே மண்ணில்தான். கிலோவுக்கு ஆறு ரூபாய் கூலி என்று வையுங்கள். மேலே சொன்ன கொட்டகைக்கு 60,000 ரூபாய். அதில்தான் கரண்ட் பில், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, ஆள் கூலி எல்லாம். செத்த கோழிக்கும் கூடுதலாகத் தின்ற தீவனத்துக்கும் பிடித்தம் வேறு. கொட்டகைக்கு வாங்கிய வங்கிக் கடனுக்குப் பல வருடத் தவணை. ஒப்பந்தமோ பெரும்பாலும் பேட்சுக்குப் பேட்ச். அடுத்த குஞ்சு எப்போது வரும் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. கொட்டகை காலியாகக் கிடந்தாலும் தவணை தேதி தள்ளிப்போவதில்லை. வளர்க்கச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, கூலி எவ்வளவு என்பதோடு வருடத்துக்கு எத்தனை பேட்ச் என்பதும்தான்.

(தொடரும்)