மேல் மன்ஹாட்டன் வலுவூட்டல் வலயம்

மேல் மன்ஹாட்டன் வலுவூட்டல் வலயம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹார்லெம், கிழக்கு ஹார்லெம், வாஷிங்டன் ஹைட்ஸ், இன்வுட் ஆகிய பகுதிகளின் பொருளாதாரத்தை மீட்டெடுப்பதற்காக 1994 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சிறப்பு வலயமாகும். இதற்கான நிதியை நிர்வகிக்கும் இலாப நோக்கற்ற நிறுவனமும் இதே பெயரால் அழைக்கப்படுகிறது.

பின்னணி

நலிவுற்ற நகர்ப்பகுதிகளில் வரியையும் கட்டுப்பாடுகளையும் குறைத்தால் முதலீடு பெருகும் என்னும் கருத்தை, 1977 இல் பிரித்தானியப் புவியியலாளர் பீட்டர் ஹால் முன்வைத்தார். 1981 முதல் பிரித்தானியாவில் இத்தகைய தொழில் வலயங்கள் அமைக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில், பில் கிளின்டன் ஆட்சியில் 1993 இல் இயற்றப்பட்ட சட்டம் வரிச்சலுகையுடன் நேரடி நிதியுதவியையும் இணைத்தது. ஹார்லெம் பகுதியின் பேராயர் அவை உறுப்பினர் சார்லஸ் ரேஞ்சல் இதில் முக்கியப் பங்காற்றினார். அட்லாண்டா, பால்டிமோர், சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், பிலடெல்பியா-கேம்டன் ஆகிய ஆறு நகர்ப்புற வலயங்கள் முதலில் அறிவிக்கப்பட்டன.

செயற்பாடு

நடுவண் அரசு அளித்த 10 கோடி டாலருக்கு ஈடாக நியூயார்க் மாநிலமும் நகரமும் தலா 10 கோடி டாலர் வழங்கின. இதில் ஒரு பகுதி தெற்கு பிராங்சுக்கு ஒதுக்கப்பட்டது. வலயத்திலேயே வசித்து, அங்கேயே பணிபுரியும் ஒருவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்திற்கு ஆண்டுக்கு 3,000 டாலர் வரை வரிக்கழிவு கிடைத்தது. இச்சலுகை வேலைவாய்ப்பு உள்ளூர் மக்களுக்கே சேரவேண்டும் என்னும் நோக்குடையது. இலாப நோக்கற்ற நிறுவனம் சிறுதொழில்களுக்குக் கடனும் கலை அமைப்புகளுக்கு நல்கையும் வழங்கியது. அது கடனுதவி அளித்த ஹார்லெம் யுஎஸ்ஏ வணிக வளாகம் 2000 இல் திறக்கப்பட்டது.

சமூக அமைப்புகளின் பங்கு

1989 இல் தோன்றிய அபிசீனியன் மேம்பாட்டுக் கழகம் வேறோர் உள்ளூர் அமைப்புடன் இணைந்து 125 ஆம் தெருவில் பாத்மார்க் பேரங்காடியை உருவாக்கியது. தங்கள் வணிகம் பாதிக்கப்படும் என அப்பகுதிச் சிறு மளிகைக் கடைக்காரர்கள் எதிர்த்தபோதிலும், 1999 இல் அது திறக்கப்பட்டது. தரமான உணவுப்பொருளை மலிவாக வாங்க வெகுதூரம் செல்லவேண்டிய நிலை இதனால் மாறியது. எனினும் 2014 இல் அந்நிலம் 3.9 கோடி டாலருக்குக் கட்டுமான நிறுவனம் ஒன்றிடம் விற்கப்பட்டது. அங்காடியின் தாய் நிறுவனம் 2015 இல் நொடித்துப்போனதை அடுத்து கடை மூடப்பட்டது.

விளைவுகளும் விமர்சனங்களும்

பூசோ, கிரெகரி, கிளைன் ஆகிய பொருளியலாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, முதற்கட்ட வலயங்களில் வேலைவாய்ப்பும் உள்ளூர்த் தொழிலாளரின் ஊதியமும் உயர்ந்ததாகக் கண்டறிந்தது. வாழ்க்கைச் செலவு அதற்கேற்ப உயரவில்லை என்றும் அது கூறியது. ஆனால் ஹார்லெமில் 125 ஆம் தெருவின் பழைய கடைகள் சில வாடகை உயர்வைத் தாங்க இயலாமல் வெளியேறின. 1946 இல் தொடங்கப்பட்ட பாபிஸ் ஹேப்பி ஹவுஸ் இசைத்தட்டுக் கடை 2008 இல் மூடப்பட்டது. முதலீடு வந்தபின் நிலத்தின் மதிப்பு உயரும்போது, சொந்த இடமற்ற குடியிருப்பாளரும் சிறு வணிகரும் அப்பயனைப் பெறுவதில்லை என்பதே விமர்சகர்களின் முதன்மையான வாதமாகும்.